விடியட்டும் என்று இருக்கலாமா? அவசரப் பிரிவு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நள்ளிரவில் நெஞ்சு அழுத்துகிறது. வாயுவா, மாரடைப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: முடியாது. என் வீட்டில் என்னாலும் முடியாது. அதற்குத்தான் இ.சி.ஜி.யும், இதயத் தசை சேதமடைந்ததைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும், சில மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் மாரடைப்பு தெரிந்தவர்கள் உண்டு. பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டல் என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலும் அசதியுமாக வரலாம். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கு 38.2 டிகிரி செல்சியஸ். காலை வரை பார்க்கலாமா?

பதில்: கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரியைத் தொட்டாலே இரவு, பகல் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளுக்கு 39.5. மருந்து கொடுத்ததும் தண்ணீர் குடித்தாள், பேசுகிறாள்.

பதில்: தூங்கட்டும். எண்ணைப் பார்ப்பதைவிட அவளைப் பாருங்கள். எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கிடையே குழி விழுந்தாலோ, கண்ணாடித் தம்ளரை அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ கிளம்புங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தம் 170/100. வேறு தொந்தரவு இல்லை.

பதில்: சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். தொந்தரவு இல்லையென்றால் பகலில் உங்கள் மருத்துவரிடம் காட்டலாம்.

கேள்வி: எனக்கு 165/95. வலி எதுவுமில்லை. வரலாமா?

பதில்: முந்தைய பதிலேதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் பயத்திலேயே ஏறும்.

மறுப்பு: நெஞ்சுவலிக்கு அமிலநீக்கி குடித்தேன், பத்தே நிமிடத்தில் போய்விட்டது. வாயுதான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது சான்றே அல்ல. இதயவலி தானாக வந்து தானாகத் தணியக்கூடியது. தணியும் நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். மறுபுறம், உணவுக்குழாய் இறுகி வரும் வலிகூட இதயத்துக்கான நைட்ரோகிளிசரினுக்குத் தணிவதுண்டு. மருந்து கேட்டதை வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள்.

மறுப்பு: ஆனாலும் பலரை ஒன்றுமில்லை என்றுதானே திருப்பி அனுப்புகிறீர்கள்?

பதில்: ஆம். அதைச் சொல்லி அனுப்புவதும் எங்கள் வேலைதான். அப்படி அனுப்பியவர்களை நினைத்து நான் வருந்தியதில்லை. ‘விடியட்டும்’ என்று வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்களின் முகங்கள்தான் மறக்கவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வாய் கோணி, பேச்சு குழறியது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இனி பயமில்லையே?

பதில்: இருக்கிறது. பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இன்றிரவே அழைத்து வாருங்கள். மீண்டும் கோணினால், அதற்கு முன் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரக் கெடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவரை ஓட்டவிடாதீர்கள்.

கேள்வி: கைக்கடிகாரத்தின் வட்ட பேட்டரியைக் காணவில்லை. ஒன்றரை வயது மகன் விழுங்கியிருப்பானோ? சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பதில்: தொண்டைக்குக் கீழே சிக்கியிருந்தால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே போன்ற பேட்டரி இருந்தால் கையோடு கொண்டு போங்கள். நான் சொல்வதை மேலும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.