திங்கட்கிழமை ராத்திரி

அன்புள்ள ஐயா,

ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகன், "இதெல்லாம் கைதட்டலுக்குத்தான்ப்பா. 1947 நள்ளிரவில் நேரு பேசினதே இங்கிலீஷில். எத்தனை பேருக்குப் புரிஞ்சிருக்கும்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ர., மயூர் விகார், டெல்லி

அன்புள்ள ர.,

பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அன்றிரவு அதைக் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பாடப்புத்தகமும் பேச்சுப்போட்டியும்தான் அதைப் பிறகு ஊருக்குள் கொண்டுபோயின. போகிற வழியில் ஒன்று உதிர்ந்துவிட்டது. விதியோடு நாள் குறித்திருந்தோம், அந்த வாக்கைக் காப்பாற்றும் நேரம் வந்துவிட்டது என்றவர், 'முழுமையாக அல்ல, பெருமளவுக்கு' என்றும் சொல்லியிருந்தார். பஞ்சாப் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் தயக்கத்தை எந்தப் பேச்சுப்போட்டியிலும் நான் கேட்டதில்லை.

1965 வேறு மாதிரி. எனக்கு எட்டு வயது. கரோல் பாகில் இரண்டு அறை வாடகை வீடு, அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. மழை பொய்த்துவிட்டது, பாகிஸ்தானோடு போர், கோதுமைக்கு அமெரிக்கக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை. வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரி, சாப்பாட்டை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார் அப்போதைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. அம்மா அன்று ராத்திரி அங்கீட்டியை, அதாவது கரி அடுப்பை, பற்றவைக்கமாட்டாள். பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியானச் சாதத்தில் மோர் ஊற்றிக் கொடுப்பாள். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். பாட்டிதான் அசரவில்லை. "சோமவாரம் நான் எப்பவும் பட்டினிதானே. உங்க சாஸ்திரி இப்பத்தான் கண்டுபிடிச்சாரா?"

எவ்வளவு தானியம் மிஞ்சியது என்பது வேறு கணக்கு. நாடு யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற எண்ணம் எங்கள் வீட்டுக்குள் வயிறு வழியாக வந்தது. பின்னால் பசுமைப் புரட்சியில் கோதுமை குவிந்தபோது, ஏதோ தன் திங்கட்கிழமைகள் விளைந்த மாதிரி அப்பா பேசுவார்.

1971-இல் எதிர்க்கட்சிகள் 'இந்திராவை விரட்டு' என்றன. அவர் 'நான் வறுமையை விரட்டு என்கிறேன்' என்று திருப்பி அடித்தார். கெட்டிக்காரத்தனமான அடி, அமோக வெற்றி. ஆனால் எங்கள் வீட்டில் அதற்காக யாரும் எதையும் விடவேண்டியிருக்கவில்லை.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார். அப்பா அதற்கப்புறமும் பல வருஷம் திங்கள் ராத்திரி சாப்பிடவில்லை. "இது சோமவாரமா, சாஸ்திரியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "ரெண்டும்தான், போய்ப் படு" என்றார்.