செட்டை மாற்ற வேண்டாம், ஸ்பீக்கரை இறக்குங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஹால் 15-க்கு 12 அடி, கிரானைட் தரை. 5.1 ஹோம் தியேட்டர் செட் வாங்கினோம்: டி.வி. ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏ.வி. ரிசீவர், 6 ஓம் ஸ்பீக்கர் ஐந்து, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்-வூஃபர். எலக்ட்ரீஷியன் நான்கு ஸ்பீக்கரை சீலிங்கை ஒட்டி நான்கு மூலையிலும் மாட்டி, சென்டரை டி.வி. ஷோகேஸுக்குள் வைத்துக் கொடுத்தார். வசனம் புரியவில்லை, சண்டைக் காட்சி மட்டும் காதைக் கிழிக்கிறது. பாட்டில் பேஸ் இல்லை. பின்னால் இருக்கும் இரண்டும் பாதி நேரம் பேசுவதே இல்லை. சப்-வூஃபரிலிருந்து எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். செட்டை மாற்றிவிடலாமா? அப்படியே சமையலறையிலும் பாட்டுக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் சேர்க்கலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட செட்டின் கோளாறாகத் தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும். பூச்சு வேலை முடியும்போதே எலக்ட்ரீஷியன் மூலைக்கு ஒரு பைப் விட்டுவிடுவார். பைப் வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்பீக்கர் உட்காரும். மூலையில் மாட்டினால் பார்வைக்கு ஒழுங்காகவும் இருக்கும், குழந்தைகள் கையும் எட்டாது. கேட்கிற காதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டியங்காரன் பேசும்போது குரல் அவன் நிற்கிற இடத்திலிருந்து வர வேண்டும். பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் ஆள் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உங்கள் ஹாலில் நடப்பது அதுதான். அதோடு சீலிங்கும் இரண்டு சுவர்களும் கூடுகிற மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் மூன்று பரப்பிலும் ஒலி பட்டுத் திரும்பி நேர் ஒலியோடு கலக்கும். சொல்லின் ஓரம் மழுங்குவது அதனால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். டேப், கொஞ்சம் சணல் கயிறு, பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானி, இவ்வளவுதான் தேவை. டி.வி. 12 அடிச் சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். அதை முன்னால் இழுத்து, உட்கார்ந்தவர் தலை டி.வி. சுவரிலிருந்து 9 அடியில் வரும்படி போடுங்கள். 15 அடி அறையில் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறையே கூடச் சேர்ந்து முழங்கும் தாழ்ந்த ஒலி, 38 ஹெர்ட்ஸ் அளவில் விழும். சரியாக 7½ அடியில், அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த பேஸ் காணாமல் போகும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே வீங்கித் தலைவலி தரும். 9 அடி இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம்.

இனி முன் ஸ்பீக்கர்கள். சோபாவில் தலை இருக்கும் இடத்திலிருந்து டி.வி. நடுவுக்கு ஒரு கயிறு கட்டுங்கள். அதிலிருந்து இடதும் வலதும் 22 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். உங்கள் 9 அடிக்கு அது இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஏழரையிலிருந்து பத்து அடிக்குள் வரும். 8 அடி வைத்தால் பக்கச் சுவர்களிலிருந்து ஆளுக்கு 2 அடி இடைவெளியும் கிடைத்துவிடும். ட்வீட்டர், அதாவது அந்தச் சின்ன வட்டம், உட்கார்ந்தவர் காது உயரத்தில், தரையிலிருந்து மூன்றேகால் அடி அளவில் இருக்கட்டும்.

பின் ஸ்பீக்கர்கள் பின்னால் இருக்க வேண்டும் என்று பெயரே சொல்லுவதுபோல் தோன்றும். ஆனால் 5.1-இல் அவற்றின் இடம் பக்கவாட்டில், கொஞ்சம் மட்டும் பின்னே. முன்னால் நேர்கோட்டை 0 என்றால் 110 பாகை. உங்கள் ஹாலில் நடுவில் உட்கார்ந்தவருக்குப் பக்கச் சுவர் 6 அடி. அப்படியானால் தலைக்கு நேராகச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து இரண்டேகால் அடி பின்னால் தள்ளிக் குறியிடுங்கள். உயரம் 5 அடி போதும், அதற்குமேல் வேண்டாம். ஒரு பக்கம் சுவர் இல்லாமல் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருந்தால் ஸ்டாண்டு வாங்கி அதே இடத்தில் நிறுத்துங்கள். சுவர் இருக்கிற இடத்துக்கு ஸ்பீக்கரைக் கொண்டுபோகாதீர்கள்.

டிரில்லிங் மெஷினை மட்டும் இப்போதே எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் புத்தகம் அடுக்கி அந்த உயரத்துக்கு ஸ்பீக்கரை ஏற்றி ஒரு வாரம் கேளுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் ஒருமுறை போட்ட ஓட்டையை நகர்த்துவது எவ்வளவு பாடு என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்வார்.

சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் உள்வாங்கி இருப்பதுதான் வசனம் கெடப் பாதிக் காரணம். மரப்பெட்டிக்குள் ஆள் பேசுவதுபோல் கேட்கும். பலகையின் முன்விளிம்புக்கு, முடிந்தால் ஒரு விரல்கடை வெளியே வரும்படி இழுங்கள். காது உயரத்துக்குக் கீழே இருக்கிறதென்றால் முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்து முகத்தை மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். இப்போது அது உங்கள் முழங்காலோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. பிறகும் போதவில்லை என்றால் ரிசீவரில் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றலாம்.

கிரானைட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறிப் போகிறது, நாமும் வீட்டில் பளபளவென்று பாவிக்கொள்கிறோம். ஒலிக்கு அது கண்ணாடி மாதிரி. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் வசனமும் அப்படித்தான் நீளும். சோபாவுக்கும் டி.வி.க்கும் இடையே ஒரு தடித்த பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. இதைவிட மலிவான ஆடியோ அப்கிரேடு எனக்குத் தெரியாது.

அடுத்தது பேஸ். ஒயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது என்றுதான் என் சந்தேகம். ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் அதிரும் அந்தக் கிண்ணம், முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால், ஒன்று கொடுக்கும் அழுத்தத்தை மற்றது விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலியில்தான் இது அதிகம் தெரியும்; 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 22 அடி, உங்கள் ஹாலைவிடப் பெரிது. சோதிக்க எளிய வழி: செய்தி வாசிப்பை ஸ்டீரியோவில், அதாவது இரண்டு முன் ஸ்பீக்கரில் மட்டும் வைத்துக் கேளுங்கள். குரல் இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நின்றால் சரி. இடம் பிடிபடாமல் தலைக்குள்ளும் சுவரிலும் அலைந்தால் ஏதோ ஒன்று தலைகீழ்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு பென் பேட்டரி போதும், 1.5 வோல்ட். ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்பீக்கரின் துணியை எடுத்துவிட்டு ஒருவர் பெரிய கோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிளஸ் என்று நினைக்கும் ஒயரை பேட்டரியின் குமிழிலும் மற்றதை அடியிலும் கண நேரம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று கோன் வெளியே வந்தால் நினைத்தது சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. தொட்டு எடுக்க வேண்டும், அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்துக்கும் இதைச் செய்யுங்கள்.

இதில் நானே பட்டிருக்கிறேன். பென்னாகரத்தில் ஒரு வீட்டில் இரண்டு முனையிலும் சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில், எல்லாம் கச்சிதம். பேஸ் மட்டும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் பழிபோட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் திறந்து பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஒயர் நீளம் போதாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் நானே போட்ட ஜாயிண்டில் நிறம் மாறியிருந்தது. அன்றிலிருந்து நிறத்தை நம்புவதில்லை, பேட்டரியைத்தான் நம்புகிறேன். உங்கள் வீட்டில் ஒரே நிறத்து இரட்டை ஒயர் இழுத்திருந்தால் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓர் இழையில் மேடோ கோடோ இருக்கும், அதைப் பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒயர் எந்த அளவு? ரிசீவரிலிருந்து பின் ஸ்பீக்கர் வரை சுவரோரமாகப் போனால் உங்களுக்கு 8 மீட்டர் ஆகும், போக வர 16. அரை ஸ்கொயர் எம்.எம். ஒயரில் அதன் தடை 0.6 ஓம், அதாவது உங்கள் 6 ஓம் ஸ்பீக்கரில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றரை ஸ்கொயரில் 0.2 ஓம்தான். ஒன்றரையே வாங்குங்கள், அதற்குமேல் செலவழிப்பது வீண். இடதும் வலதும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று கடையில் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஒயருக்குள் மின்சாரம் போகும் வேகத்துக்கு நாலடி வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள். மேலே செம்பு நிறமாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட அது கடத்தாது.

மாட்டும்போது முனையை அரை அங்குலம் மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்கி நுழையுங்கள். மயிரிழை போல ஒரே ஒரு கம்பி வெளியே நீட்டிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்தான். ரிசீவர் 'டக்' என்று அணைந்துவிடும். ஒயர் முனையில் மாட்டும் பனானா பின் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அந்த 'ம்ம்ம்' சத்தத்துக்கு வருவோம். பிளக் பாயிண்ட் ஒயர் போகும் அதே பைப்பிலேயே சப்-வூஃபர் கேபிளையும் இழுத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். இரைச்சல் இருக்கட்டும், 230 வோல்ட்டோடு ஸ்பீக்கர் ஒயரை ஒரே குழாயில் விடுவதே ஆபத்து. தரையோரம் பி.வி.சி. கேசிங் அடித்துத் தனியாகக் கொண்டுபோங்கள். கரண்ட் ஒயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். அதற்குப் பிறகும் இரைந்தால் டிஷ் கேபிளை செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள், டி.வி., பாக்ஸ், ரிசீவர், சப்-வூஃபர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். சிலர் மூன்று பின்னில் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், ஒயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சப்-வூஃபர் எங்கே வைப்பது என்பதற்குக் கொஞ்சம் சிரிப்பு வரும் வழி ஒன்று உண்டு, ஆனால் அதுதான் சரியான வழி. சப்-வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். தவில் அல்லது பறை நன்றாக விழும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். ஓரிடத்தில் அடி தெளிவாகவும் தனித்தனியாகவும் விழும். அங்கேதான் அதன் இடம். ரிசீவரில் ஐந்து ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்றும், கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழான ஒலி சப்-வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்து, சப்-வூஃபர் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். இத்தனைக்கும் பிறகு 'டர்ர்' என்று அதிர்ந்தால் ஷோகேஸில் இருக்கும் வெண்கல விளக்கைப் பாருங்கள், ஸ்பீக்கரை அல்ல.

தூரமும் ரிசீவரில் ஏற்ற வேண்டியதுதான். உங்கள் முன் ஸ்பீக்கர் காதிலிருந்து ஏறக்குறைய 10 அடி, பின் ஸ்பீக்கர் ஆறரை அடி. ஒலி ஓரடி கடக்க ஒரு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே பின் ஒலி 3 மில்லி விநாடி முந்திக்கொள்ளும். அளந்து எழுதினால் ரிசீவரே அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். மைக் கொடுத்திருந்தால் அதை சோபாவில் காது உயரத்தில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டுத் தானாக அளக்க விடுங்கள்.

பின் ஸ்பீக்கர் பேசாமல் இருப்பது பெரும்பாலும் ஒயரால் அல்ல. ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதிக்க ரிசீவரே எழுப்பும் டெஸ்ட் டோன் போட்டுப் பாருங்கள். அதில் பேசினால் ஒயர் சரி. டிஷ்ஷில் வரும் பல சேனல்கள் ஸ்டீரியோதான், பின்னால் அனுப்ப அதில் ஒன்றும் இல்லை. ஓ.டி.டி. படத்திலும் பேசவில்லை என்றால் டி.வி.யின் ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருக்கும், அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' ஆக்குங்கள். டி.வி.யிலும் ரிசீவரிலும் ஆர்க் (ARC) என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையிலேயே கேபிள் இருக்க வேண்டும்.

சமையலறை ஸ்பீக்கரை இருக்கும் ஒயரோடு சேர்த்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 6 ஓம் இரண்டை இணையாகச் சேர்த்தால் 3 ஓம். ரிசீவர் சூடாகிப் பாதுகாப்புக்கு அணையும், இல்லையென்றால் அவுட்புட் போகும். ரிசீவர் பின்னால் 'ஸோன் 2' அல்லது 'ஸ்பீக்கர் பி' என்று தனி டெர்மினல் இருந்தால் மாட்டலாம், குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த டெர்மினல் இல்லையென்றால் சமையலறைக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். தாளிப்பு எண்ணெய் ஸ்பீக்கர் துணியில் படிந்தால் பிறகு போகவே போகாது.