அரைவாசி விலையில் ஒரு வெட்டு மெஷின்

அன்பின் ஐயா அவர்களுக்கு,

அறுவடைக்கால மழை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயல் செய்பவன். சென்ற பெரும்போகத்தில் நெல் அறுவடை செய்யும் வெட்டு மெஷினுக்காக ஐந்து நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள் மழை இறங்கி, விளைந்த வேளாண்மை சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. புதிய இயந்திரம் வாங்குகிற கமக்காரருக்கு அரசு அரைவாசி விலையை மானியமாகத் தரவேண்டும் என்று எங்கள் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பேசினேன். கல்முனையில் கடை வைத்திருக்கும் என் மச்சான் அதைக் கேள்விப்பட்டு, "என் கடைக்குக் குளிரூட்டிப் பெட்டி வாங்க யாராவது பாதிக் காசு தருகிறார்களா? என்னுடைய வரிப்பணத்தில் உனக்கேன் மெஷின்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்படி ஒரு மானியம் வந்தால், மனைவியின் நகையை அடகுவைத்து மீதிப் பணத்தைப் போடலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

ஒரு வாசகர், வெல்லாவெளி

அன்பின் தம்பிக்கு,

உங்கள் மச்சான் வம்புக்குக் கேட்கவில்லை, கேட்கவேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் "என்னுடைய வரிப்பணம்" என்று சொல்வதில் உங்களுடையதும் கலந்திருக்கிறது. நம் இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி, பொருள்களை வாங்கும்போது நாம் உணராமலே கட்டும் வரியிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபின், நீங்கள் வாங்கும் சவர்க்காரக் கட்டியின் விலைக்குள்ளும் அது இருக்கிறது. ஆகவே கடைக்காரர் கொடுக்கிறார், கமக்காரர் வாங்கிக்கொள்கிறார் என்ற கணக்குச் சரியன்று. எல்லாருமாகச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள் எத்தனை பேருக்கு உதவும் என்பதே பார்க்கவேண்டியது.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை நாம் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். (வெளியூர் வாசகர்கள் பாதை என்றதும் வீதியை நினைக்கக்கூடும், எங்களுக்கு அது ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) அந்தப் பாலமும் மானியந்தான், ஜப்பான் கொடுத்தது. படுவான்கரைக்காரருக்கு ஏன் இந்தச் சலுகை என்று கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் பாலத்துக்குச் சாவி கிடையாது. நோயாளியும் நெல் மூட்டையும் உங்கள் மச்சானின் கடைச் சாமானும் அதன்மேலேதான் போகின்றன. மெஷினுக்குச் சாவி உண்டு. அது யாருடைய சட்டைப்பையில் இருக்கும் என்பதைக் கேட்காமல் மானியம் நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பயனில்லை.

உங்கள் வயலையே எடுத்துக்கொள்வோம். தரை காய்ந்து, பயிர் நிமிர்ந்து நின்றால், நல்ல மெஷின் ஒன்று மூன்று ஏக்கரையும் அரைநாளில் வெட்டி முடித்துவிடும். இரண்டு போகத்துக்குமாக ஆண்டில் உங்களுக்கு அது தேவைப்படுவது ஒரே ஒரு நாள். கடனைக் கட்டவேண்டுமானால் மீதி நாள்களில் அதை ஊரூராக அனுப்பி வாடகைக்கு வெட்டவேண்டும். அதாவது அந்த மானியம் கமத்துக்குப் போவதாகப் பெயர் இருந்தாலும், உண்மையில் ஒரு வாடகைத் தொழிலுக்கு முதலீடாகப் போகிறது. வாடகைத் தொழில் பாவமன்று. ஆனால் வானம் இருண்டு, வட்டை (வயல்வெளி) முழுதும் ஒரே கிழமையில் மெஷினைக் கூப்பிடும்போது, முதல் போட்டவர் ஒரே இடத்தில் நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் போடியாரிடம்தான் முதலில் போவார். உங்கள் மூன்று ஏக்கருக்கு மெஷினை ஏற்றி இறக்கவும், வரம்பு வரம்பாகத் திருப்பவும் ஆகும் டீசலும் நேரமும் அவருக்கு நட்டம். மானியத்தால் ஊரில் பத்து மெஷின் கூடினால் வாடகை சற்றுக் குறையலாம். உங்கள் ஐந்து நாள் மூன்று நாளாகலாம். ஆனால் வரிசையின் வால் அப்போதும் உங்கள் வரம்பில்தான் இருக்கும்.

அப்படியென்றால் கமக்கார அமைப்புக்கே கொடுத்துவிடலாமே என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். யுத்தம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில், ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் அமைப்புக்குச் சூடடிக்கும் (கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும்) மெஷின் ஒன்றை முழு மானியமாகத் தந்தது. அப்போது செயலாளர் நான். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படமும் எடுத்தோம். முதற் போகம் நன்றாக ஓடியது. இரண்டாம் போகத்தின் நடுவில் அதன் பெல்ட் அறுந்தது. புதிய பெல்ட்டின் விலை இரண்டு மூட்டை நெல்லுக்கும் குறைவு. ஆனால் அதை அறுந்த அன்று சூடடித்தவர் வாங்குவதா, அமைப்பு வாங்குவதா என்று மூன்று கூட்டம் கூடினோம். மூன்றாவது கூட்டத்தில், சென்ற முறை தலைவரின் தம்பி வயலுக்கு ஏன் முதலில் போனது என்ற பழைய கதையும் கிளம்பியது. கொப்பியில் வரவு எழுதப்பட்டிருந்ததே தவிர, கையில் காசு இல்லை. மெஷின் வம்மி மரத்தடியில் நின்றது. அடுத்த மாரியில் நெல் கொட்டும் வாய்க்குள் யாருடையதோ கோழி முட்டையிட்டு அடைகாத்தது; அதை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிழையில் என் பங்கும் உண்டு. பக்கத்து ஊரில் இதே காலத்தில் கிடைத்த லேண்ட் மாஸ்டர் கை உழவு இயந்திரம் ஒன்று பல ஆண்டு ஓடியது. அவர்கள் செய்த வித்தியாசம் ஒன்றுதான்: ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்து, ஒவ்வொரு வாடகையிலும் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று வங்கியில் போட்டார்கள், தலைவரின் வயலுக்கும் காசு கட்டித்தான் உழுதார்கள்.

அதனால்தான் வெளிநாட்டைக் காட்டி வாதாடுபவர்களிடம் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. இந்தியாவில் 2014 முதல் நடக்கும் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தனி விவசாயிக்கு விலையில் 40 முதல் 50 வீதம் வரை மானியம் உண்டு. வாடகை மையம் நடத்தும் குழுக்களுக்கும் உதவி உண்டு. இந்தியா நம் வடக்கு மாகாணத்துக்கும் யுத்தத்தின்பின் 500 உழவு இயந்திரங்களை அன்பளிப்பாகத் தந்தது. கொடுத்த எண்ணிக்கையை எல்லாரும் சொல்வார்கள். ஐந்தாம் ஆண்டில் எத்தனை ஓடுகின்றன என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். கையால் வெட்டி, உப்பட்டியாக, அதாவது வெட்டிய கைப்பிடிகளாகக் கிடந்து, சூடு என்கிற போராகக் குவிந்து காய்ந்தபின் களத்துக்கு வந்த நெல் வேறு. வெட்டு மெஷினின் குழாயால் அரைமணியில் கொட்டும் நெல் வேறு. இது ஈரத்தோடு வருகிறது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையோ முழு விலை கொடுப்பதற்கு 14 வீத ஈரப்பதத்துக்கு மேற்படாத நெல்லையே கேட்கிறது. ஆகவே மாசி மாதத்தில் நம் வீதிகளின் ஒரு பக்கம் முழுதும் படங்கு விரித்து நெல் கிடக்கிறது. ஒரு மழைத்தூறல் விழுந்தால், பெண்களும் பிள்ளைகளும் ஓடிவந்து, போகிற பஸ்ஸுக்கு முன்னால் நின்று அள்ளுகிறார்கள். வீதியோரத்தில் வீடில்லாதவர் வயலடியிலேயே, லொறிக்காரர் சொன்ன விலைக்கு, மூட்டைக்கு இவ்வளவு ஈரக்கழிவு என்று கொடுத்துவிட்டு வருகிறார். மெஷின் பெருகப் பெருக, முன்பு இரண்டு மாதமாக மெல்ல மெல்ல வந்த நெல் இரண்டு கிழமையில் ஒன்றாக இறங்குகிறது. உமியை எரித்து நெல் உலர்த்தும் இயந்திரத்தை ஆலைக்காரர் வைத்திருக்கிறார். நம்மிடம் படங்குதான் இருக்கிறது. மானியப் பணம் என் கையில் இருந்தால் பதினொராவது வெட்டு மெஷினுக்கு ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தடியிலும் ஓர் உலர்த்தியும் கூரை போட்ட களமும் கட்டி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவேன். அதற்கும் சாவி உண்டு, ஆனால் அது நிலையத்தின் சுவரில் தொங்கும்.

நெல்லைப் போலவே வளரும் களையான பன்றிநெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவாத வெட்டு மெஷின் அதன் விதையை ஒரு வட்டையிலிருந்து மறு வட்டைக்குச் சுமந்துவருகிறது. மானியம் பெற்ற எந்த மெஷினும் ஊர் மாறுமுன் துப்புரவாக்கப்படவேண்டும் என்பதையாவது நிபந்தனையாக்கவேண்டும்.

உங்கள் நகைக்கு வருகிறேன். நம் நாட்டில் மானியத்தின் ஆயுளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 1962இல் தொடங்கிய உர மானியம் 2016இல் பணமாக மாறி, பின்னர் மறுபடி உரமாகி, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியே தடைப்பட்டு, நவம்பரில் தடை நீங்கி, மீண்டும் பணமாகி, 2024 பெரும்போகத்தில் ஹெக்டயருக்கு 25,000 ரூபாயாக உயர்ந்தது. 2022இல் உழவு இயந்திரத்தை வீட்டில் நிறுத்திவிட்டு டீசலுக்குக் கேனோடு வரிசையில் நின்றோம். ஐந்து ஆண்டுக் கடனை இப்படிப்பட்ட மண்ணில் ஊன்றுவதற்கு மனைவியின் தாலிக்கொடியைக் கேட்காதீர்கள். அரைவாசி விலை என்பது இனிப்பான சொல். மற்ற அரைவாசியே உங்கள் மூன்று ஏக்கரின் பல போக விளைச்சலுக்குமேல் வரும். மானியம் அறிவித்த மாதத்தில் விற்பனையாளர் விலைப்பட்டியலை மாற்றமாட்டார் என்று நம்புவதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனாலும் படிவம் வந்தால் வாங்கி வையுங்கள். விதையிடு கருவி, நீர்ப்பம்பி, களை எடுக்கும் சிறு கருவி போன்று உங்கள் வயலுக்கே முழுதாக வேலை செய்யும் பொருளானால் தயங்காமல் நிரப்புங்கள். அதற்குப் பொதுப்பணம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மச்சானிடமும் சொல்லுங்கள்.

வெட்டு மெஷினுக்கு வேறு வழி ஒன்று இருக்கிறது. உங்கள் வயற்கண்டத்தில் அடுத்தடுத்து வயல் செய்பவர்கள் பதினைந்து பேராவது சேர்ந்து, ஒரே வயதுள்ள நெல்லை ஒரே கிழமையில் விதைத்தால், நாற்பது ஏக்கர் ஒன்றாக விளையும். மெஷின்காரரின் கண்ணுக்கு நீங்களும் ஒரு போடியார்தான். முற்பணம் கொடுத்து வெட்டும் நாளை இப்போதே குறித்துக்கொள்ளலாம். எந்த வயல் முதலில் என்பதை வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானை சீட்டுக் குலுக்கிச் சொல்லட்டும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். திகதி தெரிந்ததும் எழுதினால் நானும் வந்து ஒரு மூலையில் இருப்பேன். பெல்ட் கதையை யாராவது கேட்டால் சொல்லவும் ஆள் வேண்டுமல்லவா?