தங்கச்சி கையெழுத்து இல்லாமல் வீடு வாங்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு, இடத்தோடு சேர்த்து 48 லட்சம் என்று பேசி முடித்திருக்கிறோம். விற்பவர்களுடைய அப்பா 1994-ல் கிரயம் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு மகள் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார். "சீர் செனத்தியெல்லாம் செஞ்சாச்சுங்க, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்கிறார்கள். பட்டா அண்ணன் தம்பி பேரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் ஒன்றுமில்லை. அட்வான்ஸ் 5 லட்சம் கொடுக்கலாமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் அந்த மகள் கையெழுத்துப் போடுவார் என்று அவர் வாயாலேயே கேட்கும் வரை பத்து பைசா கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் வீடு கைமாறும்போது அதிகம் கேட்கிற வசனம் இந்தச் "சீர் செஞ்சாச்சு"தான். நூறு பவுன் போட்டிருக்கட்டும், கார் வாங்கிக் கொடுத்திருக்கட்டும், சீர் என்பது சீர், சொத்தில் பாகம் என்பது பாகம், ஒன்று கொடுத்ததால் இன்னொன்று தீர்ந்துபோகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பலரும் பெண்களுக்குப் பங்கு கொடுத்து 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தத்தையும் 2005-ல் நாடு முழுக்க வந்த திருத்தத்தையும் சொல்லி, "எங்க தங்கச்சிக்கு அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு" என்பார்கள். அது பூர்வீகச் சொத்து பற்றிய பேச்சு, இங்கே தேவையே இல்லை. அப்பா தன் காசில் வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால், 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பாகம். உங்கள் கணக்கில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. அதாவது 12 லட்சம் அந்த மகளுடையது.

பட்டா மாறியிருக்கிறது என்பதில் ஆறுதல் அடையாதீர்கள். பட்டா வருவாய்த்துறை வைத்திருக்கிற கணக்கு, அதுவே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. வில்லங்கச் சான்றோ பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். ஒருவர் இறந்ததையோ, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையோ அது சொல்லாது. சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிட்டால் சொத்து சுத்தம் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி இல்லை. மூன்று பேர் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு வருவது முக்கால் பங்கு, அவ்வளவுதான். மீதி காலுக்கு அந்த மகள், அல்லது நாளைக்கு அவருடைய பிள்ளைகள், பாகப் பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். அண்ணன்மார் இத்தனை வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதற்காக மட்டும் அவர் பங்கு கரைந்துவிடாது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா ஆறு சென்ட் இடம் அண்ணன் தம்பி இருவரிடம் வாங்கினார், தங்கை பற்றி அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து நாங்கள் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய வாரம் அந்தத் தங்கை வந்து நின்றார். சண்டை போடவில்லை, அழுதார். அப்பா இரண்டாம் தடவை பணம் கொடுத்தார், அப்போதைய விலைக்கு.

சரி, என்ன செய்வது? நீங்களே பொள்ளாச்சி போய்விட்டு வாருங்கள், அண்ணன்மாரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. முதலில் தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழைக் கேளுங்கள், அதில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் வர வேண்டும். சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் விற்பது இன்னொரு வழி, குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000. ஆனால் நேராகக் கிரயத்திலேயே கையெழுத்துப் போட்டால் அந்தச் செலவும் இல்லை. நான் இதைத்தான் சொல்வேன். அவருடைய பங்குப் பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், அண்ணன் கையில் கொடுக்காதீர்கள். பங்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அப்போது விடுதலைப் பத்திரம் எழுதட்டும். வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைப்பதெல்லாம் அந்தக் காலம். செலவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 48 லட்சத்துக்கு 4,32,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். தரகு, எழுத்துக்கூலி, வக்கீல் எல்லாம் இதற்கு மேல். அப்புறம், 1994 பத்திரத்தில் பெரியார் மாவட்டம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரோடு மாவட்டத்துக்கு அப்போது அதுதான் பேர்.

கேள்வி: திருப்பூரில் என் வீட்டை 45 லட்சத்துக்கு விற்கிறேன். வாங்குபவர் பத்திரத்தில் 30 லட்சம் போட்டுக்கொள்வோம், 15 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். எல்லோரும் செய்வதுதானே?

பதில்: செய்கிறார்கள். பனியன் கம்பெனி ஊரில் ரொக்கம் புரளுவது புதிதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்குபவருக்கு மிச்சம் 15 லட்சத்துக்கு 9 சதவீதம், 1,35,000. நாளைக்கு அவர் அந்த வீட்டை விற்கும்போது அவர் வாங்கிய விலை 30 லட்சம் என்றுதான் காகிதத்தில் இருக்கும், அந்த 15 லட்சமும் லாபமாகக் கணக்காகி 12.5 சதவீதம் வரி என்றால் 1,87,500. இப்போது மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கட்டுவார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அங்கேயே மனசு மாறிவிடுவார்கள்.

உங்கள் ஆபத்து இன்னும் பெரிது. வீடு விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதுவும் ரொக்கத்தை வாங்கிய உங்கள் மேல். பெரிய தொகைப் பத்திரங்களின் விவரம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வருமான வரித்துறைக்குப் போகிறது.

வரிக்குப் பயந்துதான் இதற்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்றால் நேர்வழியே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், அதில் போட்ட லாபத்துக்கு வரி இல்லை. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் பணவீக்கம் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், எது குறைவோ அதைக் கட்டலாம். ஒரு ஆடிட்டரிடம் போங்கள்.

கேள்வி: காங்கேயத்துக்கு வெளியே ஒரு சாளை வீடு, அதாவது தோட்டத்து வீடு, பார்த்தோம். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் வழியாகத்தான் தடம். "காலங்காலமா போறதுதானுங்க" என்கிறார்கள். பத்திரத்தில் தடம் பற்றி எதுவும் இல்லை.

பதில்: நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கி, அந்தத் தடம் பொது இட்டேரியா (எல்லோருக்கும் பொதுவான வேலியோரப் பாதையா), பக்கத்துத் தோட்டத்துக்காரருடைய நிலமா என்று பாருங்கள். அவருடையது என்றால், இத்தனை அடி அகலத்தில் வண்டி வாகனம் போய்வரத் தடப் பாத்தியம் உண்டு என்று அவரே பதிவு செய்து எழுதித் தர வேண்டும். விற்பவர் எழுதித் தருவது செல்லாது, தனக்கு இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டேன் என்றால் வேறு வீடு பாருங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.