செருப்பு போர்த்திய பாய்மரப் படகு

கேள்வி: கடலில் சேரும் பிளாஸ்டிக் குப்பைக்கு எதிராகக் கலைப்படைப்புகளோடு கடற்பயணம் போகிறார்களாமே, அதனால் கடல் சுத்தமாகிவிடுமா?

பதில்: ஆகாது, அது அவர்களுக்கும் தெரியும். கென்யாவின் லாமு தீவில் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் நீரில் இறங்கிய 'ஃபிளிப்ஃபிளாப்பி' என்ற படகையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ பத்து டன் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பலகைகளாக வார்த்து, அலி ஸ்கந்தா என்ற கைதேர்ந்த படகுத் தச்சரின் தலைமையில், மரத்தை இழைப்பது போலவே கையால் இழைத்து, அப்பகுதியின் மரபான பாய்மரக் கலத்தின் வடிவத்தில் அதைக் கட்டினார்கள். நீளம் ஒன்பது மீட்டர்தான். அதன் வெளிப்புறம் முழுவதும், கரை ஒதுங்கிய சுமார் 30,000 ரப்பர் செருப்புகளை வெட்டி, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பதித்திருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது லாமுவிலிருந்து தான்சானியாவின் சான்சிபார் தீவு வரை சுமார் 500 கிலோமீட்டர் பயணித்தது. வழியில் கரையோர ஊர்களில் நின்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைக் கைவிடுமாறு மக்களிடம் பேசினார்கள். பிரசுரம் கொடுத்தால் நின்று வாங்காதவர்களும் இப்படியொரு படகைத் தொட்டுப் பார்க்க வருவார்கள் என்பதால், செருப்பைப் பதித்ததை வெறும் அலங்காரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். பழைய பிளாஸ்டிக்கைக் கடலோடும் கலமாக்க முடியும் என்பதற்கு அந்தப் படகே சான்று. 2021இல் அதே படகு விக்டோரியா ஏரியிலும் வலம்வந்தது.