சுவரில் வரைந்தது யாருக்குச் சொந்தம்? கேள்வி பதில்

பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: தம் ஓவியத்தைத் தாமே கிழித்த, பேங்க்ஸி என்ற புனைபெயர் கொண்ட பிரிட்டன் தெரு ஓவியர், கலைச் சந்தையைத் தோற்கடித்தாரா?

இல்லை. 2018 அக்டோபரில் லண்டன் சோதபிஸ் நிறுவனத்தின் ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன உடனேயே, சட்டகத்துக்குள் மறைத்திருந்த கருவி அந்தப் படத்தைப் பாதிவரை கீற்றுகளாக வெட்டியது. புதுப் பெயருடன் 2021இல் அதே நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தபோது, அது 1.85 கோடி பவுண்டைத் தாண்டியது. எதிர்ப்பையே சரக்காக்கச் சந்தைக்குத் தெரியும். மறுவிற்பனையின் பெரும்பங்கும் விற்றவருக்கே போகிறது, வரைந்தவருக்கு அன்று.

வேலந்தாவளம் வாசகர்: அவருடைய இயற்பெயர் என்ன?

அந்த ஆராய்ச்சியில் எனக்கு நாட்டமில்லை.

கோபாலபுரம் வாசகர்: இணையத்தில் அவர் படம் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பெஸ்ட் கண்ட்ரோல் என்னும் அவரது அலுவலகத்தின் சான்று இல்லாத எதையும் வாங்காதீர்கள். தெருச் சுவரிலிருந்து வெட்டியெடுத்தவற்றுக்கு அவ்வலுவலகம் சான்று தருவதே இல்லை.

மீனாட்சிபுரம் வாசகர்: கேரளத்தில் இப்படி யாரேனும் உண்டா?

'கெஸ் ஹூ' என்ற புனைபெயரில் ஒருவர், 2014 கொச்சி பினாலே என்னும் கலைக் கண்காட்சியையொட்டி ஃபோர்ட் கொச்சிச் சுவர்களில் வரைந்தார். அரங்கத்துக்குள் செல்ல நுழைவுச்சீட்டு வேண்டும். அவருடைய படங்களைக் காண நடந்தாலே போதும்.

சித்தூர் ஆசிரியர்: விற்கத் தொடங்கிவிட்டால் கலகம் முடிந்துவிடுகிறது அல்லவா?

விற்பது வேறு, பெயர்த்தெடுப்பது வேறு, ஐயா. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் வெற்று விளம்பரப் பலகைகளில் சுண்ணக்கட்டியால் வரைந்த கீத் ஹாரிங், 1986இல் தாமே கடை திறந்து சட்டைகளையும் சுவரொட்டிகளையும் எளியவர்களும் வாங்கும் விலைக்கு விற்றார். அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இத்தாலியின் போலோன்யாவில், சுவர்களிலிருந்து பெயர்த்த படங்களைப் பிறர் கண்காட்சியில் வைக்க முனைந்தபோது, 'புளூ' என்ற ஓவியர் இருபது ஆண்டுகளாக அந்நகரில் தாம் வரைந்தவற்றை 2016இல் சாம்பல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

அதே ஆசிரியர்: அது ஊருக்குச் செய்த துரோகம். அரங்கில் வைத்திருந்தால் படமாவது பிழைத்திருக்கும்.

அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களின் இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆயினும் பிழைப்பது எது? நம் ஊர்களில் கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு முன்பே வெள்ளையடித்துப் பிடித்துவைக்கும் சுவரை எண்ணிப் பாருங்கள். தமிழும் மலையாளமும் கலந்த அந்த எழுத்தைப் பெயர்த்து நகரத்து அரங்கில் மாட்டினால், வண்ணம் இருக்கும். எதிர்ச்சுவரில் பதிலெழுதிய கட்சியும், நின்று படித்த தெருவும் இருக்கமாட்டா.

வடகரப்பதி வாசகர்: பேங்க்ஸி படம் ஒன்று மலிவாக...

மேலே எழுதியிருக்கிறேன். சான்றில்லாமல் வாங்காதீர்கள்.