அரிசிச் சாக்கும் பசைத் துப்பாக்கியும்

அன்புள்ள அக்கா,

பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். சிக்கனமாக இருக்கட்டும் என்று வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே சில பொருட்கள் செய்ய ஆரம்பித்தேன். குளூ கன், பசைக்குச்சி, லேஸ், மணி எல்லாம் வாங்கினேன். காலி அரிசிச் சாக்கில் ஒரு பை செய்து ஒட்டினேன். வெங்காயம் போட்டு இரண்டு தரம் தூக்கியதும் பிரிந்துவிட்டது. "இந்தக் காசுக்குக் கடையிலேயே நல்ல பை வாங்கியிருக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வதுதான் சரியா? லீவில் பிள்ளைகளுக்கும் ஏதாவது கைவேலை சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

செலவுக் கணக்கில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். ஆனால் சாக்கு சும்மா கிடைத்தது. காசெல்லாம் போனது லேஸிலும் மணியிலும். வீட்டில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்து, அதில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதான் சிக்கனம். வீடியோ பார்க்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. செய்யப்போவதை முதலில் தீர்மானித்துவிட்டு, சாமான் வாங்கக் கடைக்கு ஓடுகிறோம்.

பை பிரிந்ததற்கு உங்கள் கைவேலை காரணமில்லை. அந்தச் சாக்கு பாலிப்ரொப்பிலீன் இழையில் நெய்தது. அதில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. தைக்கத்தான் வேண்டும். நம் ஊரில் அரிசி அளக்கும் பிய் என்ற படிக்கணக்கில், 24 பிய் மூட்டை கிட்டத்தட்ட 49 கிலோ. அவ்வளவு அரிசியைத் தாங்கிய சாக்குக்கு உங்கள் வெங்காயம் ஒரு சுமையே இல்லை.

நூலும் வாங்க வேண்டாம். சாக்கின் வாயை மூடியிருக்கும் தையல் சங்கிலித் தையல். ஒரு முனையில் முடிச்சை வெட்டிவிட்டு மெதுவாக இழுங்கள். வராவிட்டால் அடுத்த முனையிலிருந்து இழுங்கள். சரியான முனை கிடைத்ததும் சரசரவென்று முழு நீளமும் கையோடு வந்துவிடும். அதே நூலை இரட்டையாக எடுத்து, சாக்கு ஊசியில் கோத்துத் தைக்கலாம். வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும். மெழுகுவத்திச் சுடரை ஓரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. அப்புறம் ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள்.

கைப்பிடிக்கு ஒரு நல்ல பொருள் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். நாம் கட்டும் பர்மியக் கைலியின் இடுப்பில் கறுப்புத் துணிப் பட்டை இருக்கிறதல்லவா? கீழ்க்கரை நைந்த பிறகும் அந்தப் பட்டை பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். இரண்டு பழைய கைலிகளின் பட்டையைப் பிரித்து, ஒன்றாக இணைத்து, நீளவாக்கில் நாலாக மடித்துத் தையுங்கள். பையின் வாயில் மட்டும் வைத்துத் தைத்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும். பட்டையை ஒரு பக்கம் மேலிருந்து இறக்கி, அடிப்பாகத்தைச் சுற்றி, மறுபக்கம் மேலே ஏற்றுங்கள். சுமையெல்லாம் பட்டைமேல் விழும். கைலியின் மீதித் துணி உள்பக்கத்துக்கு ஆகும். வேலை முடிந்த பையை வெயிலில் தொங்கவிடாதீர்கள். வெயில் பட்டால் இந்த இழை நாளடைவில் மொறுமொறுவென்று உதிரும்.

பிள்ளைகளுக்குப் பழைய பேப்பர் போதும். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டுக் கடைகளில் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் சிவப்புப் பொம்மை விற்கிறார்களே, அது காகிதக்கூழ் வேலைதான். மைதாவைத் தண்ணீரில் கரைத்துப் பசையாகக் காய்ச்சி, ஊதிய பலூன்மேல் பேப்பர் துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். பேப்பரைக் கையால் கிழிக்கட்டும். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று நன்றாகப் படியும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு வெள்ளைத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், விட்டுப்போன இடம் குழந்தைக்கே தெரிந்துவிடும். இரண்டு அடுக்குக்கு ஒரு தரம் காயவிடுங்கள். காய்ந்ததும் மேலே சின்னதாக வெட்டிப் பலூனை எடுத்துவிட்டு, களிமண் உருண்டையை அடியில் நன்றாக அழுத்தி வைத்து, வாயை மூடி ஒட்டுங்கள். அடிப்பக்கம் உருண்டையாக இருந்து, கனம் முழுக்க அங்கேயே இருந்தால் பொம்மை படுக்கவே படுக்காது.

இதைத் திஞ்சான் வெயில், அதாவது ஏப்ரல் மாதப் பர்மியப் புத்தாண்டு வெயில், இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் காகிதம் காயாது, பூசணம் பூத்துவிடும். பைண்டிங் வேலையில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் வேலையில் சேர்க்கவே வேண்டாம்.

வாங்கிய குளூ கன் வீணில்லை. அட்டை, மரம், துணி எல்லாவற்றிலும் அது நன்றாகப் பிடிக்கும், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து நீங்களே பயன்படுத்துங்கள். முனை கடுமையாகச் சுடும், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். லேஸைப் பையின் வாயோரத்தில் வைத்துத் தைத்துவிடலாம். மணிகளைப் பொம்மையின் கண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா